கவிதை அடிகளில் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகைக்குச் சொல் சிக்கவில்லையா?

இரண்டாம் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு முதலெழுத்தை மட்டும் அகரவரிசையில் மாற்றிக்கொண்டே போங்கள். 'காடு' என்றால் ஆடு, ஏடு, ஓடு, கூடு, கேடு, நாடு, மேடு, வீடு என்று ஒரு நிமிடத்தில் பட்டியலே வந்துவிடும். எதுகை இருப்பது இரண்டாம் எழுத்தில், சாதாரண அகராதியோ முதலெழுத்துப்படி அடுக்கியது, அதைப் புரட்டிப் புரட்டித்தான் நேரம் வீணாகிறது. வீரமாமுனிவர் 1732இல் தொகுத்த சதுரகராதியில் தொடைக்கென்றே, அதாவது எதுகை போன்ற ஒலி ஒப்புமைக்கென்றே, தனிப் பகுதி உண்டு, கவிதை எழுதுகிறவர்களுக்கு அருமையான துணை, கிடைத்தால் விடாதீர்கள். முதலெழுத்தின் அளவும் (குறிலா நெடிலா என்பது) ஒத்துப்போக வேண்டும், அதை மறந்துவிட வேண்டாம்: காடு, வீடு சரி, காடு, படு சேராது. அடியின் கடைசியில் ஒலி ஒன்றிவரும் இயைபுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது, அங்கே சொல்லின் ஈற்றிலிருந்துதான் தேட வேண்டும்.