ஊரில் இருந்து வெளிநாட்டு வேலை: யாழ்ப்பாணத்தில் வேலை அறைக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கனடா, லண்டன் கம்பெனி வேலையோடு நாலைந்து மாதம் ஊரில் வந்து நிற்கப்போகிறவர்கள் டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்ப்பார்கள், வேலை செய்யும் அறைக்குப் பார்ப்பதில்லை. சித்தி வீட்டு மேல் அறை சும்மாதானே கிடக்கு என்ற நினைப்புத்தான். வாடகை இல்லை, சரி. செலவு இருக்கிறது.

முதலில் உங்கள் வேலை நேரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். ரொறன்ரோவில் காலை 9 முதல் மாலை 5 என்றால் கோடையில் இங்கே மாலை 6.30 முதல் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் பிந்தும். லண்டன்காரருக்குக் கோடையில் பகல் 1.30 முதல் இரவு 9.30.

அடுத்து கரண்ட். இதை ஆறுதலாகப் பாருங்கள், பட்ஜெட் இங்கேதான் உடையும். 65 வாட் லப்டொப், 75 வாட் ஃபான், இரண்டும் நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள் ஓடினால் ஏறக்குறைய 25 யூனிட். அறைக்கு ஏசி போட்டால், ஒரு கிலோவாட் இழுக்கிற ஏசிக்கு மட்டும் 176 யூனிட். அது நின்று நின்று ஓடுவதால் குறையலாம், ஆனாலும் முழுதாகவே எழுதுங்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது, 180 யூனிட்டுக்கு மேல் உச்ச விலை. சித்தி வீட்டு ஃபிரிட்ஜும் தண்ணி மோட்டரும் ஏற்கெனவே 100 எடுத்தால் உங்கள் ஏசியில் பாதிக்கு மேல் அந்த உச்சப் படியில் விழும். அதனால் பில்லை ஆளுக்குப் பாதி என்று பிரிக்காதீர்கள். நீங்கள் வருவதற்கு முந்தைய மாத பில்லை எடுத்து, கூடின தொகை முழுவதையும் உங்கள் கணக்கில் போடுங்கள். சித்தி காசு வேண்டமாட்டா, நீங்களே போய்க் கட்டிவிடுங்கள்.

இன்டர்நெட்டுக்கு வீட்டு ஃபைபரோடு வேறு கம்பெனி சிம் ஒன்றும் வேண்டும். வீடியோ மீட்டிங் மணிக்கு ஒரு ஜிபி அளவில் தின்னும். சில பக்கேஜில் நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டா தனிக் கணக்கு, ரொறன்ரோ நேரக்காரர் அதைக் கேட்டு எடுங்கள். கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட ஒரு சின்ன யூபிஎஸ். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கினால் யூபிஎஸ்ஸை நம்பாமல் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிறகு ஒருமுறைச் செலவு. 30,000 ரூபாய்க் கதிரை, ஐந்து மாதம் நிற்பதென்றால் மாதம் 6,000 என்று எழுதுங்கள். கதிரையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், சாப்பாட்டு மேசைக் கதிரையில் எட்டு மணி நேரம் இருந்தால் முதுகு போய்விடும். கனடா எக்ஸ்டென்ஷன் கோட் கொண்டுவராதீர்கள்: அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே 230. லப்டொப் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. பழைய வீடுகளில் உருண்டை மூன்று பின், புதியதில் சதுரப் பின், அதையும் முதலே ஃபோனில் கேளுங்கள்.

எல்லாவற்றையும் கூட்டி வந்த தொகையை டவுனில் மேசை வாடகைக்கு விடும் இடங்களோடு ஒப்பிடலாம். விலையைக் கேட்க முதல், இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேளுங்கள். அதிகாலை 2.30 வரை திறந்திருந்தால் அந்த நேரத்து ஓட்டோக் காசையும் சேர்த்துப் போடுங்கள்.