துப்பறியும் நாவலையும் அதிலிருந்து வந்த படத்தையும் ஒரே மாலையில் பேச வைப்பது எப்படி

பிலிப் மார்லோ என்ற துப்பறிவாளரைச் சொன்னதும் பெரும்பாலோருக்கு 1946இல் வந்த 'தி பிக் ஸ்லீப்' படத்தின் ஹம்ப்ரி போகார்ட் முகம்தான் நினைவுக்கு வரும். அடுத்த ஆண்டு ஜார்ஜ் மாண்ட்கோமரி மீசையோடு அதே மார்லோவாக நடித்த 'தி பிராஷர் டபுளூன்' படத்தைப் பார்த்தவர்கள் குறைவு. போதாக்குறைக்கு, 1947இலேயே ராபர்ட் மாண்ட்கோமரி என்ற வேறொரு நடிகரும் 'லேடி இன் தி லேக்' படத்தில் மார்லோவாக வந்ததால், பெயரிலும் குழப்பம் சேர்ந்துகொண்டது. மார்லோவைப் படைத்த ரேமண்ட் சாண்ட்லரின் 'தி ஹை விண்டோ' (1942) நாவலைத் தழுவிய 'தி பிராஷர் டபுளூன்' 72 நிமிடமே ஓடுவதால், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வாசகர் வட்டம் நடத்துபவர்களுக்கு இது கைக்கு அடக்கமான தேர்வு.

முதலில் இடம். கோயில் மண்டபம் எளிதில் கிடைக்கும் என்றாலும் அதைத் தவிர்ப்பது நல்லது. குடியும் கொலையும் நிறைந்த கதை ஒருபுறம் இருக்க, அங்கே விளக்குகளை முழுவதும் அணைக்கச் சொல்லிக் கேட்பதும் முறையாகாது. ஒருவர் வீட்டுக் கூடத்தில் நண்பர்களோடு பார்ப்பதே சுலபம். பொதுமக்களை அழைத்துக் காட்டுவதானால் உரிமையாளரின் அனுமதியும் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவையா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தில் கவனம் தேவை. பொழுது சாய ஏறக்குறைய ஏழரை மணி ஆகிவிடும். எட்டு மணிக்கு முன் தொடங்கினால் சன்னல் வெளிச்சமே படத்தைக் கெடுத்துவிடும். விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் தோட்டத்து மக்களைப் பத்து மணிக்கு மேல் உட்கார வைப்பதும் நியாயமில்லை. ஆகவே எட்டுக்குத் தொடங்கி, ஒன்பதே காலுக்குள் படத்தை முடித்து, மீதி நேரத்தைப் பேச்சுக்கு விட்டுவிடுங்கள்.

இருட்டை ஏற்பாடு செய்வதுதான் உண்மையான வேலை. இவ்வகைப் படங்களில் கதையில் பாதியை நிழலே சொல்கிறது. இயக்குநர் ஜான் பிராம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தவர். 'தி லாட்ஜர்' (1944), 'ஹேங்க்ஓவர் ஸ்குவேர்' (1945) ஆகிய படங்களில் இருட்டைக் கையாளக் காட்டிய அதே தேர்ச்சியை, இந்தக் கதை தொடங்கும் பசடேனா நகரத்து மர்டாக் மாளிகையிலும் காட்டியிருக்கிறார். தொடக்கத்தில், காற்று வீசிக்கொண்டிருக்கும் வேளையில் மார்லோ அந்த வீட்டுக்கு வருகிறார். அசையும் மரங்களின் நிழல்கள் வீட்டின்மீது அலைவதைப் பாருங்கள். தெருவிளக்கின் ஒளி சன்னல் வழியாகத் திரையில் விழுந்தால் அந்த நிழல்கள் வெறும் சாம்பல் நிறமாகக் கரைந்துவிடும். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். இணைய மோடத்தில் மினுக்கும் சிறு விளக்கைக்கூட மறைத்துவிடுங்கள். புரொஜெக்டரிலோ தொலைக்காட்சியிலோ பளிச்சென்று காட்டும் அமைப்பை நிறுத்தி, சினிமா அமைப்புக்கு மாற்றுங்கள். அக்காலப் படங்கள் ஏறத்தாழச் சதுர வடிவில் எடுக்கப்பட்டவை என்பதால், அகலத் திரையை நிரப்பும்படி இழுத்தால் முகங்கள் உப்பிப்போகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவதே சரி. தகரக் கூரையில் மழை பெய்தால் வேகமான வசனம் ஒன்றும் காதில் விழாது. எழுத்துரை ஓடும் பிரதியாகத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

படத்துக்கு முன் ஐந்து நிமிடம் பேசினால் போதும். எஃப்ரைம் பிராஷர் என்ற நியூயார்க் பொற்கொல்லர் 1787இல் வார்த்த தங்க நாணயமே தலைப்பில் இருப்பது. அவ்வகை நாணயம் ஒன்று 2021இல் 9.36 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது என்று சொன்னால், ஒரு காசுக்காக இத்தனை பேர் ஏன் அலைகிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். திருமதி மர்டாக் என்ற பணக்காரக் கைம்பெண், திருடுபோன நாணயத்தை மீட்க மார்லோவை அழைக்கிறார் என்பது வரை கதையைச் சொல்லி நிறுத்திவிடுங்கள்.

ஏற்பாட்டாளர் மட்டும் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. கதையின் மர்மம் ஓர் உயரமான சன்னலிலிருந்து ஒரு மனிதர் விழுந்து இறந்த சம்பவத்தில் இருக்கிறது. செயலாளராகப் பணிபுரியும் மெர்ல் என்ற இளம்பெண் அதற்குத் தானே காரணம் என்று நம்பி நடுங்குகிறாள். நாவலில் உண்மையைக் காட்டிக்கொடுப்பது ஒரு புகைப்படம். படமோ அதைச் செய்திப்படச் சுருளாக மாற்றி, சந்தேகத்துக்குரியவர்களை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுகிறது. சுவரில் படம் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள், திரைக்குள்ளும் சிலர் படம் பார்ப்பதைக் காண்கிறார்கள். இந்த மாற்றம் நாவலை மிஞ்சியது என்பது என் கருத்து.

மற்ற மாற்றங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சாண்ட்லரின் மார்லோ மெர்லை அவளுடைய பெற்றோர் வீட்டில் சேர்த்துவிட்டுத் தனியாகத் திரும்புகிறார்; படத்தின் மார்லோவோ அவளோடு காதலில் இணைகிறார். மருண்டுபோன ஒரு பெண்ணுக்குக் காதலனே மருந்து என்று காட்டுவது அக்கால ஹாலிவுட்டின் சோம்பேறித்தனம். பேச்சை இங்கேயே தொடங்குங்கள். அக்காமார்கள் நிச்சயம் வாய் திறப்பார்கள். இதே நாவல் 1942இலேயே 'டைம் டு கில்' என்ற படமாகி, அதில் மார்லோவுக்குப் பதில் மைக்கேல் ஷெயின் என்ற வேறொரு துப்பறிவாளர் வந்ததையும் நடுவில் சொல்லலாம்.

நாவலைப் படத்துக்குப் பிறகே படிக்கக் கொடுங்கள். முதலில் படித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பிரதி ஒன்றுதான் என்றால், ஆங்கிலம் சரளமாக வருபவர் சன்னல் சம்பவம் விளக்கப்படும் பகுதியை அடுத்த சந்திப்பில் வாசித்துத் தமிழில் சொல்லட்டும்.