கழிவுப் பையும் பணியாளரின் முதுகும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் ஓர் அறிவுரை தவறாமல் வரும்: முழங்காலை மடக்கி, சுமையை மார்போடு அணைத்துத் தூக்குங்கள். அரிசி மூட்டைக்கு அது சரி. தொற்றுக் கழிவு போடும் மஞ்சள் பைக்கு? உள்ளே யாரோ தவறிப்போட்ட ஊசி இருக்கலாம் என்று தெரிந்தவர் அதை அணைக்கமாட்டார். கையை நீட்டித் தள்ளித்தான் பிடிப்பார். அப்படித்தான் பிடிக்கவும் வேண்டும். இந்த முரணை யோசிக்காமல் பாடம் நடத்துவதே முதல் தவறு.

தள்ளிப் பிடித்தால் ஊசியிலிருந்து தப்பலாம், முதுகு தப்பாது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தால் தூக்கத்தக்க உச்ச எடை 23 கிலோ. அதுவும் சுமை உடம்பை ஒட்டி, கணுக்காலிலிருந்து 25 செ.மீ.க்குள் இருக்கும்போது. 50 செ.மீ. தள்ளிப்போனால் வரம்பு பாதியாகிவிடும். குனிவதும் திரும்புவதும் அதில் மேலும் குறைக்கும்.

ஆகவே எடையைக் குறைக்க வேண்டிய இடம் பையை நிரப்பும் இடம். "முக்கால் நிறைந்ததும் கட்டிவிடுங்கள்" என்று வார்டுதோறும் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் முக்கால் என்பது கொள்ளளவு, எடை அல்ல. உலர்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் நிறைந்த பையை ஒரு கையால் எடுத்துவிடலாம். பிரசவ அறையில் நஞ்சுக்கொடியும் ரத்தத்தில் நனைந்த துணியும் சேர்ந்த பை பாதியிலேயே கனத்துவிடும். குழாய் போன்ற பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பையில் காலி செய்யாத சிறுநீர்ப் பைகளைப் போடுவது இன்னொரு கொடுமை. ஒன்றில் 2 லிட்டர் வரை இருக்கும். நான்கு சேர்ந்தால் 8 கிலோ. போடுகிறவர் ஒருவர், தூக்குகிறவர் வேறொருவர் என்பதால் போடுகிறவருக்கு இது உறைப்பதில்லை. ஈரக் கழிவு சேரும் வார்டுகளுக்குச் சிறிய பைகளைக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது, பையைத் தொட்டியிலிருந்து உருவும் அந்த ஒரு நொடி. அடியில் காற்றுப் புக வழியில்லாமல் பை தொட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பணியாளர் குனிந்து வெடுக்கென இழுப்பார்; இழுத்த வேகத்திலேயே இடுப்பைத் திருப்பி வண்டிக்குள் போடுவார். முதுகு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். பையின் ஓரத்தை ஒரு பக்கம் விலக்கிக் காற்றை உள்ளே விட்டால் எளிதாக வந்துவிடும். வண்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, காலை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

வண்டியை இழுக்காமல் தள்ளுவதே நல்லது. கண் மறைக்கும் அளவுக்கு அடுக்கக் கூடாது. சக்கரத்தில் சுற்றிய முடியையும் நூலையும் வாரம் ஒருமுறை அறுத்தெடுக்க ஆளில்லாத மருத்துவமனையில், புது வண்டியும் சில மாதங்களில் பழைய வண்டிதான். லிஃப்ட் வாசலின் இடுக்கில் சிக்குவதும் இந்தச் சக்கரங்களே. சாய்தளத்தில் நிறைந்த வண்டியை ஒருவரே இறக்கக் கூடாது.

இடுப்புப் பட்டை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் உண்டு. சுமை தூக்குவோரைப் பட்டை காக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நியோஷ் எப்போதோ சொல்லிவிட்டது.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் விபத்துகளைப் பதிவு செய்யச் சொல்கின்றன. ஊசி குத்தினால் பதிவேட்டைத் திறக்கிறார்கள். முதுகு பிடித்தால் களிம்பு தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவேட்டில் முதுகுவலிக்கும் ஒரு பத்தி ஒதுக்கினால், எந்த வார்டின் பை கனக்கிறது என்பது மாத முடிவில் தெரிந்துவிடும்.