ஹாலோவீன் பெட்டியைப் பிரிக்கும் முன்: வடகோடிப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் வடகோடிப் பகுதியான நுனாவுட்டில் 25 ஊர்கள் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சாலை கிடையாது. டொராண்டோவிலோ வின்னிபெக்கிலோ படித்துவிட்டு அங்கே வேலைக்குப் போகும் புது ஆசிரியர் ஆகஸ்டில் விமானத்திலிருந்து இறங்குகிறார். மூச்சுவிடுவதற்குள், அக்டோபர் 31-இல் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் வந்துவிடுகிறது. அவர் தம் திறமையைக் காட்ட நினைக்கும் முதல் விழா அதுதான். பெரும்பாலும் முதலில் சறுக்குவதும் அதில்தான்.

இருட்டிய பின் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பது கனடாவின் தெற்கில் சாதாரணம். ஹட்சன் விரிகுடாக் கரையில் அப்படியில்லை. கோடையில் கடற்பனி உருகியதும் பனிக்கரடிகள் கரையேறிவிடுகின்றன. சீல் பிடிக்க வேண்டுமானால் கடல் மறுபடி உறைய வேண்டும். அதற்கு நவம்பர் ஆகிவிடும். அக்டோபர் 31 என்பது, மாதக்கணக்கில் வயிறார உண்ணாத கரடிகள் கரையோரம் காத்துக்கிடக்கும் நேரம். அதனால்தான் நுனாவுட்டின் ஆர்வியாட் என்ற ஊரில் 2014-இல் வீதியில் சுற்றுவதை விட்டுவிட்டு விழாவை மண்டபத்துக்குள் கொண்டுபோனார்கள். அதற்குத் தெற்கே, மானிட்டோபா மாகாணத்தின் சர்ச்சில் என்ற ஊரில், பிள்ளைகள் வெளியே போகிறார்கள். ஆனால் ரோந்து வாகனங்கள் ஊரைச் சுற்றிக் காவல் காக்கும். வெள்ளைத் துணி போர்த்திய பேய் வேடம் அங்கே ஆகாது. பனி படர்ந்த இருட்டில் வெள்ளையாக ஏதோ அசைந்தால் காவலர் என்ன நினைப்பார்? உள்ளேயா வெளியேயா என்பதை ஆசிரியர் தாமாக முடிவுசெய்யக் கூடாது. ஊராட்சி அலுவலகத்தையும் கரடிக் காவலரையும் முதலில் கேட்க வேண்டும்.

வேடத்தைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: தடித்த குளிர் அங்கிக்கு மேல் அது ஏறுமா? இரண்டு அளவு பெரிதாக எடுத்தால் ஏறும். பிளாஸ்டிக் முகமூடி வேண்டாம். வெளியே பத்து நிமிடம் நடந்தால் மூச்சின் ஈரம் உள்பக்கம் உறைந்து கன்னத்தைச் சுடும். கண் துளை வழியே பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. முகத்தில் சாயம் பூசுங்கள், அதுவும் பள்ளிக்குள் வந்த பிறகு.

ஹாலோவீனுக்கு முகம்போலக் குடைந்து உள்ளே விளக்கு வைக்கும் பூசணிக்காயை நம்பித் திட்டம் போடாதீர்கள். சரக்குக் கப்பல்கள் வருவது கடல் திறந்திருக்கும் மாதங்களில் மட்டும். அதற்குப் பிறகு எல்லாம் விமானத்தில்தான், விலையும் அதற்கேற்றபடி. பனிப்புயல் அடித்தால் விமானமும் வராது. காலிப் பால் குடுவையில் முகம் வரைந்து உள்ளே சிறு மின்விளக்கை வைத்தால் போதும். அயர்லாந்தில் இந்தப் பழக்கம் தொடங்கியபோது குடைந்தது டர்னிப் கிழங்கைத்தான். பூசணி பின்னால் வந்தது.

பெரிய தவறு அலங்காரத்தில் நடக்கிறது. கடையில் வாங்கிய பெட்டியைப் பிரித்தால் அட்டைக் கல்லறைகள் இருக்கும், கயிற்றில் தொங்கும் எலும்புக்கூடு இருக்கும். தெற்கில் அது வேடிக்கை. நுனாவுட்டில் தற்கொலை விகிதம் கனடாவின் சராசரியைப் போலப் பல மடங்கு. சில நூறு பேர் வாழும் ஊரில் ஒரு சாவு என்றால், வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அது உறவினர் சாவு. தொங்கும் உருவத்தைப் பார்த்து எந்தப் பிள்ளைக்கு யார் நினைவு வரும் என்று புது ஆசிரியருக்குத் தெரிய வழியே இல்லை. இன்னொன்றும் உண்டு. பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளில் கடைசியானது மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான். அத்தகைய பள்ளி வளாகங்களில் பெயரற்ற புதைகுழிகள் இருப்பதாக 2021-இல் வந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. அந்தப் பிள்ளைகளின் நினைவாகத்தான் செப்டம்பர் 30 அன்று மாணவர்கள் ஆரஞ்சுச் சட்டை அணிகிறார்கள். ஒரு மாதம் கழித்து, அந்த நாளுக்காக ஆரஞ்சுத் தாள் ஒட்டியிருந்த அதே சுவரில் அட்டைக் கல்லறையை நிறுத்தினால், விழா பார்க்க வந்த பாட்டிக்கு எப்படி இருக்கும்? வௌவால், ஆந்தை, சிலந்தி வலை போதும்.

அதுபோலவே, அங்குள்ள பழங்குடியினரான இனூயிட் தாய்மார் குழந்தையை முதுகில் சுமக்க அணியும் அமௌதியை வெளியூர் ஆசிரியர் வேடமாகப் போட்டுக்கொண்டு வருவதும் கூடாது. அது அவர்கள் அன்றாடம் உடுத்தும் உடை. இனூயிட் மக்களைக் குறிக்கும் ‘எஸ்கிமோ’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். கனடாவில் அது இழிசொல்.

சில குடும்பங்கள் தேவாலயப் பற்று காரணமாக ஹாலோவீனை ஏற்பதில்லை. இரண்டு வாரம் முன்பே வீட்டுக்குச் செய்தி அனுப்புங்கள். வராத பிள்ளையை நூலகத்தில் தனியே உட்காரவைப்பது தண்டனை போலாகிவிடும். அதே நேரத்தில் விளையாட்டோ சமையலோ வைக்கலாம்.

இத்தனைக்கும் பயமுறுத்த வெளியூர்ப் பேய் தேவையே இல்லை. கடற்பனிக்கு அடியில் வாழ்ந்து, விளிம்புக்கு வரும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகும் கல்லுபில்லுக் என்ற பூதத்தின் கதை இனூயிட் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. பனி மெல்லியதாகப் பிடிக்கத் தொடங்கும் அந்தப் பருவத்தில் அது வெறும் கதையல்ல, எச்சரிக்கை. ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்து அவர் மொழியிலேயே சொல்லச் சொல்லுங்கள். புரியாத ஆசிரியருக்கு மாணவர்கள் மொழிபெயர்ப்பார்கள். கதைக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். வேடப் போட்டிக்கும் மிட்டாய்க்கும் நடுவே ஐந்து நிமிடத்தில் செருகாதீர்கள்.