கடலடி பசால்ட் எங்க பிறந்ததெண்டு எக்செல்லில பார்ப்பம்

திருகோணமலைக் கன்னியா சுடுதண்ணிக் கிணறைக் காட்டி இங்கயும் எரிமலை இருந்ததோ எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர். இல்லை. கோணேசர் மலைக் கல்லெல்லாம் உருமாறின பழைய பாறை, எங்களுக்கு வேண்டிய பசால்ட் (எரிமலைக் குழம்பு இறுகின கருங்கல்) ஆழ்கடல்ல கிடக்கு, அதால கல்லின்ர வேதியியல் டேட்டாவை பெட்-டிபி (PetDB) எண்ட கடலடிப் பாறைத் தரவுத் தளத்தில சும்மா இறக்கிக்கொள்ளுங்கோ.

முதல்ல சிலிக்கா 45–52% உள்ளதை மட்டும் ஃபில்டர் பண்ணுங்கோ.

அடுத்தது, பொட்டாசியம், ருபீடியம், பேரியம் மூண்டையும் நம்பாதீங்கோ. கடல்தண்ணி ஊறின கல்லில இதுகள் இடம் மாறியிருக்கும். தோரியம், நையோபியம், இட்டெர்பியம், டைட்டேனியம் அவ்வளவு லேசில அசையாது.

இப்ப நையோபியத்தையும் தோரியத்தையும் தனித்தனிய இட்டெர்பியத்தால பிரியுங்கோ. சன், மெக்டொனா எண்ட புவிவேதியியலாளர் ரெண்டு பேர் 1989ல தந்த நடுக்கடல் முகட்டு (தட்டுகள் பிரியிற இடம்) பசால்ட் சராசரி: தோரியம் 0.12, நையோபியம் 2.33, இட்டெர்பியம் 3.05 பிபிஎம் (பத்து லட்சத்தில எத்தனை பங்கு எண்ட அலகு). அப்ப நையோபியத்துக்கு 0.76, தோரியத்துக்கு 0.04 வரும். சமுத்திரத் தீவு (வெப்பப்புள்ளிக்கு மேல எழும்பின எரிமலைத் தீவு) பசால்ட்டுக்கு 22, 1.85. நையோபிய விகிதத்தைக் கிடை அச்சிலயும் தோரிய விகிதத்தை நிலை அச்சிலயும் போட்டு ரெண்டு அச்சையும் லாக் ஸ்கேலாக்கினா ரெண்டும் ஒரே சரிவில விழும், அந்தச் சரிவுக்கு மேல தனியா நிக்கிற புள்ளி எண்டா கீழ அமிழுற புவித்தட்டு தோரியத்தை ஏத்திவிட்ட தீவுவில் (அமிழுற தட்டுக்கு மேல வில்லு மாதிரி வளைஞ்ச எரிமலைத் தீவு வரிசை) கல்லா இருக்கலாம்.

என்னைப் போட்டுப் படுத்தினது இதில்லை, அலகு! பிறந்த இடத்தைக் காட்டுற மற்ற வழியான டைட்டேனியம் வனேடியம் விகிதம் பார்க்கேக்க ஒரு டேபிள்ல டைட்டேனியம் ஒக்சைட் நூற்றுவீதத்தில இருக்கும், மற்றதில டைட்டேனியம் பிபிஎம்மில இருக்கும். வீதத்தை 5995ஆல பெருக்குங்கோ. 1.3% எண்டா 7794, வனேடியம் 260 பிபிஎம் எண்டா விகிதம் 30. 10–20 தீவுவில், 20–50 முகடு, அதுக்கு மேல சமுத்திரத் தீவு. பெருக்காட்டி 0.005 எண்டு வந்து நிக்கும். பிறகு "<0.05" எண்டு (கருவியால அளக்கேலாத அளவு குறைவு) கிடக்கிற செல்லை எக்செல் எழுத்தா எடுத்து எரர் தரும், அதுக்காக பூச்சியம் போடாதீங்கோ, லாக் ஸ்கேல்ல பூச்சியத்துக்கு இடமில்லை, அந்த வரியையே தூக்குங்கோ.

இந்த வரைபடங்களைத் தானே போடுற ஜிசிடிகிட் (GCDkit) நல்ல சொப்ட்வெயார்தான், ஆனா அதுக்கு ஆர் (R) எண்ட நிரல்மொழி வேணும், புதுசா பழகிறாக்களுக்கு எக்செல்லே காணும்.

பிறகு சேர்த்தது: எங்களுக்குக் கிழக்கால இந்து சமுத்திரத்தில இருக்கிற தொண்ணூறு கிழக்கு முகட்டுக் (Ninetyeast Ridge) கல்லு ஏன் முகட்டுச் சராசரியில விழேல்ல எண்டு கேட்டிருந்தீங்கள். பேர்தான் முகடு, ஆனா தட்டு பிரியிற முகடில்லை, கெர்கெலன் வெப்பப்புள்ளி (ஆழத்தில இருந்து சூடான பாறை மேலெழும்புற இடம்) போட்டுவிட்டுப் போன தடம், அதால அந்தப் புள்ளிகள் சமுத்திரத் தீவுப் பக்கமா சரியும், உங்கட கணக்கில பிழையில்லை.