மாஸ்டடானுக்கு வந்தும் ஒருவரை ஒருவர் தவறவிடுவது ஏன்?

ஏதோ ஒரு பெரிய தளத்தில் கசப்பாகி ஒரு கூட்டமே மாஸ்டடானுக்கு, அதாவது தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக வலைத்தளத்துக்கு, கிளம்பி வருகிறது. ஆளுக்கொரு சர்வரில் கணக்கு திறந்து, வணக்கம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் தானாகக் கண்ணில் படுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து "இங்கே யாருமே இல்லை" என்று போய்விடுகிறார்கள். இதை எத்தனை முறை பார்த்தாலும் மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள்.

அந்தக் காத்திருப்புதான் பெரிய தவறு. உங்கள் சர்வரில் யாராவது ஒருவராவது வெளி சர்வர் ஆளை ஃபாலோ செய்தால்தான் அவர் எழுதுவது ஒழுங்காக உங்கள் பக்கம் வரும், அதுவும் பெரும்பாலும் ஃபாலோ செய்த பிறகு எழுதுவது மட்டும். ஹேஷ்டேக் தேடலும் அப்படித்தான், உங்கள் சர்வர் கைக்கு வந்ததற்குள் மட்டுமே தேடும். நானும் ஒரு நண்பரும் ஒருமுறை ஒரே டேகை ஒரே நேரத்தில் திறந்து பார்த்தோம்: பெரிய சர்வரில் இருந்த அவருக்குப் பக்கம் பக்கமாகப் பதிவுகள், நாலைந்து பேர் மட்டுமே இருந்த என் சர்வரில் இரண்டே இரண்டு, அதில் ஒன்று நானே போட்டது. அப்புறம் அவர் தான் ஃபாலோ செய்பவர்களின் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்து அனுப்பினார், நான் அதை என் கணக்கில் ஏற்றினேன், டேகில் ஆள் நடமாட்டம் தெரிய ஆரம்பித்தது. புதிதாக வருபவருக்கு முதல் நாளே இப்படி ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஏற்றும்போது பழையதோடு சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மாற்றி எழுதும் வழியைத் தொட்டால் ஏற்கனவே ஃபாலோ செய்தவர்கள் போய்விடுவார்கள்.

டேகிலும் கோட்டை விடுகிறோம். ஒருவர் ஒருமையில் போடுகிறார், ஒருவர் பன்மையில், இன்னொருவர் ஆண்டைச் சேர்த்து. ஒன்றை முடிவு செய்து எல்லோரும் அதையே போடுங்கள். 2022-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து டேகையே ஃபாலோ செய்யலாம், ஆனால் பதிவு 'பொது' என்று இருந்தால்தான் அது டேகில் தெரியும்.

லைக் மட்டும் போட்டுவிட்டு நகர்வதும் பழைய பழக்கம். இங்கே லைக் எழுதியவருக்கு மகிழ்ச்சி தரும், பதிவை உங்களை ஃபாலோ செய்பவர்களிடம் கொண்டுபோகாது. பூஸ்ட் செய்தால்தான், அதாவது மறுபகிர்ந்தால்தான், அது உங்களை ஃபாலோ செய்பவர்களின் சர்வர்களுக்குப் போகும்.

இதேபோல் பல சர்வர்களில் இயங்கும், குழு குழுவாகப் பேசும் தளமான லெம்மியைத் தனி உலகம் என்று நினைப்பவர்களும் உண்டு. மாஸ்டடான், லெம்மி இரண்டுமே பேசுவது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018-இல் தரமாக்கிய ஆக்டிவிட்டிபப் என்ற ஒரே மொழியைத்தான். மாஸ்டடானிலிருந்தே ஒரு லெம்மி குழுவை ஃபாலோ செய்யலாம், குழுவில் விழும் பதிவை அது தன்னைப் பின்தொடரும் எல்லோருக்கும் அனுப்பிவிடும், சிதறிக் கிடக்கும் கூட்டத்துக்கு இதைவிட வசதி வேண்டுமா?

சரி, எல்லோரும் ஒரே சர்வருக்குப் போய்விடலாமே என்றால், அட்மின் களைத்துப்போய் மூடும் நாளில் மொத்தக் கூட்டமும் தெருவில் நிற்கும். இடம் மாறும்போது ஃபாலோயர்கள் கூடவே வருவார்கள், பதிவுகள் வராது, பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே மாறியாகவும் வேண்டும். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் உள்ள சர்வர்கள் மூடுவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே சொல்வதாக ஒப்புக்கொண்டவை. சேரும் முன் உங்கள் சர்வர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.