உதவித்தொகை இல்லை என்று வந்துவிட்டதா? கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டும் வழி

கணவன் மனைவி இருவருக்கும் சம்பளம். ஃப்ரீமான்ட் பக்கம் வீட்டுத் தவணை. பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை. உங்கள் வீடும் இப்படி என்றால், யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) அனுப்பும் உதவித்தொகைக் கடிதத்தில் மானியம் என்ற இடத்தில் பெரும்பாலும் பூஜ்யம்தான் இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. ஊரில் சொன்னால் பெரிய சம்பளம். தவணை, வரி, இன்ஷூரன்ஸ், ஊரில் மாமியாருக்கு மருந்துச் செலவு எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்பது நமக்குத்தான் தெரியும். படிவம் அதைக் கேட்பதில்லை.

மகள் யூசி டேவிஸில் படித்து முடித்துவிட்டாள். மகன் ஓலோனி என்ற கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு ஆண்டுக் கல்லூரி) தொடங்கி, இப்போது யூசி சான்டா குரூஸில் இருக்கிறான். வீட்டின் மேல் கடன் வாங்காமல் இருவருக்கும் கட்டி வருகிறோம். தமிழ்ப் பள்ளியில் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். நின்றபடி சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பில்லைப் பிரித்துப் பாருங்கள்

யூசியில் 2025ல் சேர்ந்தவர்களுக்குப் பொதுக் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 15,000 டாலர். வளாகத்துக்கென்று தனிக் கட்டணம் அதன் மேல் கொஞ்சம் வரும். ஆனால் பல்கலைக்கழகம் காட்டும் மொத்தச் செலவோ 40,000 டாலரைத் தாண்டும். மீதி எங்கே போகிறது? விடுதி, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, புத்தகம், போக்குவரத்து. கட்டணத்தில் ஒரு டாலரைக்கூட நம்மால் குறைக்க முடியாது. மீதியில் நிறையக் குறைக்கலாம். நம்மவர்கள் பலர் கட்டணத்தையே பார்த்துப் பயந்துகொண்டு, விடுதிச் செலவை விதி என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. 2022 முதல் யூசியில் சேரும் ஆண்டில் என்ன கட்டணமோ, அது அந்த மாணவருக்கு ஆறு ஆண்டு வரை ஏறாது. ஆகவே நான்கு ஆண்டுக் கணக்கை இன்றே ஒரு தாளில் போட்டுவிடலாம். மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட் கல்லூரிகளில் அப்படி இல்லை. அங்கே 2025-26ல் கட்டணம் 6,450 டாலர். 2028-29 வரை ஆண்டுக்கு 6% ஏற்றுவதாக முன்பே அறிவித்திருக்கிறார்கள். ஏறினாலும் யூசியில் பாதிதான். ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயில் பிடித்து ஹேவர்ட் கால் ஸ்டேட்டுக்கோ, பெரியெஸ்ஸாவில் இறங்கி பஸ் ஏறி சான் ஓசே ஸ்டேட்டுக்கோ போய் வந்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுப் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணமெல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 10,000 டாலருக்குள் முடியும். இன்ஜினியரிங், நர்சிங், கணக்கியல் எதுவானாலும் சான் ஓசே ஸ்டேட்டில் படித்தவர்களுக்கு இந்த வட்டாரத்தில் வேலை கிடைக்கிறது. பெயருக்காக மட்டும் அதை ஒதுக்காதீர்கள்.

ஃபாஃப்சாவைக் கட்டாயம் போடுங்கள்

"எப்படியும் கிடைக்காது, எதுக்கு அக்கா போடணும்?" என்று கேட்கிறார்கள். ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பப் படிவம். அதைப் போட மூன்று காரணம் சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று இருக்கிறது. 2 லட்சம் டாலரைச் சற்றுத் தாண்டிய வருமானம் வரைகூடத் தகுதி வரலாம். உச்சவரம்பு ஆண்டுதோறும் மாறும். சொத்துக்கும் தனி வரம்பு உண்டு. யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொருந்தும். தொகை பெரிதாக இருக்காது, ஆனால் திருப்பிக் கட்ட வேண்டாத பணம். வழக்கமான கடைசித் தேதி மார்ச் 2.

இரண்டாவது, மாணவர் பெயரில் கிடைக்கும் மத்திய அரசுக் கடன். இதற்கு ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை. ஃபாஃப்சா போட்டிருந்தால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். படிவம் பார்ப்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை. நடுவில் வேலை போய்விட்டால்? இந்த வட்டாரத்தில் லே-ஆஃப் என்பது எந்த வீட்டுக்கும் வரலாம். அப்போது பல்கலைக்கழக உதவித்தொகை அலுவலகத்துக்கு, நிறுவனம் கொடுத்த கடிதத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் வைத்து, இன்றைய வருமானத்தைப் பார்த்து மறுபடி கணக்கிடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அப்படி மாற்ற அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. ஏற்கெனவே ஃபாஃப்சா போட்டு வைத்திருந்தால் அந்த வேலை விரைவாக நடக்கும்.

நிரப்பும்போது ஒன்று: குடியிருக்கும் வீடும் 401கே போன்ற ஓய்வுக்காலக் கணக்குகளும் அதில் சேராது. ஆனால் கோயம்புத்தூரில் வாங்கிப் போட்ட ஃப்ளாட்டும் மதுரைப் பக்கத்து மனையும் சேரும். நேர்மையாகக் காட்டுங்கள். மறைத்துப் பெறுகிற எதுவும் பின்னால் தலைவலி.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவியும் இல்லை, கடனும் இல்லை, பொதுவாக வளாகத்தில் வேலை பார்க்கவும் அனுமதி இல்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம் குடும்பங்களுக்கு இது பெரிய பாரம். ஆனாலும் கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வசித்திருந்தால் உள்மாநிலக் கட்டணத்துக்கு எச்-4 பிள்ளைகளும் தகுதி பெறலாம். கவலைப்பட வேண்டியது 21 வயதைப் பற்றி. அன்றோடு எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால் வெளிமாநிலத்தார் கட்டணம் தலையில் விழக்கூடும். யூசியில் 2025ல் சேர்ந்தவர்களுக்கு அது ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல் கூடுதல். பிள்ளைக்கு 21 எந்தப் பருவத்தில் வருகிறது என்று இப்போதே பார்த்து, சேரும் வளாகத்தில் உள்மாநிலத் தகுதியை முடிவுசெய்யும் ரெசிடென்சி அலுவலகத்திடம் எழுத்து மூலம் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி இருக்காதீர்கள்.

கம்யூனிட்டி காலேஜ்: தலைகுனிவு இல்லை

இதைச் சொன்னதும் பல முகங்கள் மாறும். மகன் ஓலோனிக்குப் போகிறான் என்றபோது எங்கள் உறவிலும் "ஏன், மார்க் வரலையா?" என்றுதான் கேட்டார்கள். மார்க் வந்திருந்தது. கணக்கும் போட்டிருந்தோம்.

கம்யூனிட்டி காலேஜில் உள்மாநில மாணவருக்கு ஒரு யூனிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் எடுத்தால் 1,380 டாலர். முழுநேரமாக முதன்முறை சேருகிறவர்களுக்கு இரண்டு ஆண்டு அதையும் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் பல இருக்கின்றன. அதற்கும் ஃபாஃப்சா கேட்பார்கள். யூசி வளாகத்தில் தங்கி நான்கு ஆண்டு என்றால் 1 லட்சத்து 70 ஆயிரம் டாலர் போல ஆகும். முதல் இரண்டு ஆண்டை வீட்டில் இருந்து ஓலோனியிலோ, டி ஆன்சாவிலோ, லாஸ் பொசிடாஸிலோ முடித்தால் அதில் ஏறக்குறைய 80,000 மிஞ்சும். கடைசியில் வாங்கும் பட்டத்தில் யூசி என்றுதான் இருக்கும்.

ஆனால் திட்டமில்லாமல் போனால் இரண்டு ஆண்டு மூன்றாகும், மிச்சம் கரைந்துவிடும். ஆகவே சேரும் முன்பே மூன்று வேலை.

ஒன்று, அசிஸ்ட் என்ற இணையதளம். இந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் அந்த யூசியின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று பிரிவு வாரியாக அதில் இருக்கும். மகன் அதை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டி, முடித்த பாடத்தை அடித்துக்கொண்டே வந்தான். கவுன்சிலர் எத்தனையோ மாணவர்களைப் பார்க்கிறவர்; நம் பிள்ளையின் பட்டியலை நம் பிள்ளைதான் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு, டேக் எனப்படும் இடமாற்ற உத்தரவாதம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் இதைத் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோ தருவதில்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம்; செப்டம்பர் மாதத்துக்குள் போட வேண்டும். அதன்பின் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் தனியாக அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் சயன்ஸ் மாதிரிப் போட்டி மிகுந்த பிரிவுகளுக்குச் சில வளாகங்கள் உத்தரவாதம் தருவதில்லை. பிள்ளை அந்தப் பிரிவில்தான் பிடிவாதமாக இருந்தால், இந்த வழியில் இறங்குமுன் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் பாடம் எடுப்பது. பள்ளி மாணவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரமான ஏபி தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் யூசியில் யூனிட்டும் கிடைக்கும். மகள் இப்படிச் சேர்த்துக்கொண்டு போன யூனிட்டுகளால் ஒரு குவார்ட்டர், அதாவது ஒரு பருவம், முன்னதாகவே பட்டம் வாங்கினாள். ஒரு குவார்ட்டர் என்றால் அதற்கான கட்டணமும் வாடகையும் மிச்சம்.

தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு

மகளுக்கு டேவிஸில் முதல் ஆண்டு விடுதி. அது வேண்டும் என்றே சொல்வேன். புதிய ஊரில் நட்பு அங்கேதான் கிடைக்கிறது. இரண்டாம் ஆண்டிலிருந்து நான்கு பெண்கள் சேர்ந்து அபார்ட்மென்ட் எடுத்தார்கள். ஓர் அறைக்கு இரண்டு பேர். அங்கே செப்டம்பரில் குடிபோக, முந்தைய குளிர்காலத்திலேயே ஒப்பந்தம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். வசந்தகாலம் வரை காத்திருந்தால் மிஞ்சுவது விலை கூடியதுதான். பஸ் செலவு இல்லை: யூனிட்ரான்ஸ் பஸ்ஸில் இளநிலை மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டி ஏறலாம். மற்ற இடத்துக்கு சைக்கிள். கார் அனுப்பவே இல்லை, அதனால் கார் இன்ஷூரன்ஸும் பார்க்கிங்கும் மிச்சம்.

சாப்பாட்டுக்கு ஒரு மூன்று லிட்டர் குக்கரும், சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடியும் கொடுத்தனுப்பினேன். பள்ளிக்கூடக் காலத்திலேயே சோறு வடிக்க, ரசம் வைக்க, முட்டைப் பொரியல் செய்யச் சொல்லிக்கொடுங்கள், மகனுக்கும் சேர்த்து. மாதத்துக்குச் சில நூறு டாலர் வித்தியாசம் இதில் வருகிறது.

பெர்க்லி போகும் பிள்ளைகளுக்கு 1933ல் மாணவர்களே தொடங்கிய கூட்டுறவு விடுதிகள் இருக்கின்றன. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போல வீட்டு வேலை செய்ய வேண்டும். வாடகை வெளியில் இருப்பதைவிட நன்றாகக் குறையும். எந்த வளாகத்திலும் ஆர்ஏ (விடுதி மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் மாணவர்) வேலை கிடைத்தால் அறைச் செலவு போய்விடும்.

மறக்கவே கூடாத ஒன்று: யூசி தன் மருத்துவக் காப்பீட்டைத் தானாகவே பில்லில் சேர்த்துவிடும். அப்பா அல்லது அம்மாவின் அலுவலகக் காப்பீட்டில் பிள்ளை இருந்தால் இணையத்தில் விலக்கு கேட்கலாம். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் மிச்சம். தேதி தாண்டினால் கட்டியே ஆக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மறுபடி கேட்க வேண்டும் என்பதால் என் செல்பேசியில் நினைவூட்டி வைத்திருக்கிறேன்.

529 கணக்கும் வரியும்

529 என்பது பிள்ளையின் படிப்புக்குச் சேமிக்கும் கணக்கு. கலிபோர்னியாவில் அதற்கு மாநில வரிச் சலுகை இல்லை. ஆனால் வளர்ந்த பணத்துக்கு வரியில்லாமல் படிப்புக்கு எடுக்கலாம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்கூட, பல்கலைக்கழகம் காட்டும் வரம்புக்குள் எடுக்கலாம். செலவான அதே காலண்டர் ஆண்டில் எடுத்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டு வருமானம் 1,60,000 டாலருக்குள் இருந்தால் கட்டும் மத்திய வரியில் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை கல்விக் கழிவு கிடைக்கும், நான்கு ஆண்டுக்கு. 1,80,000ல் அது முற்றிலும் போய்விடும். எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் அந்த ஆண்டுகளில் 401கேயில் கூடுதலாகப் போட்டு வருமானத்தைக் கீழே கொண்டுவரலாம். கழிவுக்காகக் காட்டும் 4,000 டாலர் கட்டணத்தை 529லிருந்து கட்டாமல் கைப்பணத்திலிருந்து கட்டுங்கள். ஒரே செலவுக்கு இரண்டு சலுகை கிடையாது.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

மாணவர் பெயரில் உள்ள மத்தியக் கடன் முதலில். முதல் ஆண்டு 5,500, அடுத்து 6,500, பிறகு இரண்டு ஆண்டும் 7,500. மொத்தம் 27,000 டாலர். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும், 2025-26ல் 6.39%. முதல் வேலைக்குப் போகும் பிள்ளையால் இதைத் தாங்க முடியும். பெற்றோர் பெயரில் வரும் பிளஸ் கடன் அதே ஆண்டில் 8.94%, அதோடு முன்கட்டணம் 4%க்கு மேல் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். 2026 ஜூலை 1 முதல் அதற்கும் ஆண்டுக்கு 20,000, ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 என்று வரம்பு உண்டு. அந்தப் பக்கம் போகாமல் இருக்கப் பாருங்கள்.

"வீட்டு மேல எடுத்துடலாமா?" என்று என் கணவர் கேட்டார். "வேண்டாங்க, உங்க வேலை போச்சுன்னா வீடும் போகும்" என்றேன். 401கேயையும் தொடவில்லை. படிப்புக்குக் கடன் தருவார்கள், நம் முதுமைக்கு யாரும் தர மாட்டார்கள்.

ஊர் நிலத்தை விற்கலாம் என்று நினைப்பவர்கள் ஓராண்டு முன்பே தொடங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர் விற்கும்போது வாங்குபவர் வரி பிடித்துக்கொள்வார். என்ஆர்ஓ கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வங்கிக் கணக்கு) பணம் வெளியே வர, இந்திய வருமானவரிப் படிவங்களுக்கு ஆடிட்டர் வேண்டும். லாபத்தை இங்கேயும் வரியில் காட்ட வேண்டும். தாத்தா பாட்டி அன்பளிப்பாக ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினால் அமெரிக்க வரித்துறையில் படிவம் 3520 தாக்கல் செய்யுங்கள். வரி இல்லை, ஆனால் தாக்கல் செய்யாவிட்டால் அபராதம் கடுமை.

புதிதாகச் சேருபவர்கள் சேர்க்கையை உறுதிசெய்யும் நாள் வழக்கமாக மே 1, இடம்மாறி வருபவர்களுக்கு ஜூன் 1. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் உட்காரவைத்து நான்கு ஆண்டுத் தாளைக் காட்டுங்கள்: நாம் தருவது இவ்வளவு, 529ல் இவ்வளவு, நீ கோடையில் சம்பாதிப்பது இவ்வளவு, கடன் இவ்வளவு. எங்கள் மகன் அந்தத் தாளைப் பார்த்துத்தான் "அம்மா, நான் ஓலோனியே போறேன்" என்றான். உறுதிசெய்ததும் பல்கலைக்கழகக் கணக்கில் தவணைத் திட்டத்தைத் தேடிச் சேர்ந்துவிடுங்கள். சிறு கட்டணத்துக்கு ஒரு பருவத்தின் பில்லை மாதத் தவணைகளாகப் பிரித்துத் தருவார்கள்.